பட்டா மாறினால் வரைபடமும் தானாக மாறுமா?

நீங்கள் கேட்டதை நான் புரிந்துகொண்டபடி ஒருமுறை சொல்லிவிடுகிறேன். சாலைத் திட்டம் ஒன்றின் நில எடுப்பு வேலையில் இருக்கிறீர்கள். மூன்று வருவாய்க் கிராமங்களின் புலப்படங்களை (புல எண்வாரியான நில அளவை வரைபடங்களை) க்யூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் பாலிகன்களாக, அதாவது மூடிய எல்லைக் கோட்டு வடிவங்களாக, வரைந்து வைத்திருக்கிறீர்கள்; மொத்தம் ஐயாயிரத்துச் சொச்சம் உட்பிரிவுகள். மாதம் ஒருமுறை தாலுகா அலுவலகத்திலிருந்து எக்செல் கோப்பு வருகிறது. அதில் பட்டா எண், பரப்பு, நில வகை, உரிமையாளர் பெயர் எல்லாம் இருக்கும். அதைப் பார்த்து அட்ரிபியூட் டேபிளில், அதாவது பாலிகன்களின் விவர அட்டவணையில், ஒவ்வொரு வரியாகத் தட்டிக்கொண்டிருக்கிறீர்கள். இதைத் தானாக நடக்கவைக்க ஒரு ஸ்கிரிப்ட் (சிறு நிரல்) கிடைக்குமா என்பது கேள்வி. கிடைக்கும். பத்துப் பதினைந்து வரியில் எழுதிவிடலாம், ஐயாயிரம் வரிகளைச் சில நொடிகளில் மாற்றிவிடும். ஆனால் எந்த நெடுவரிசையை மாற்ற அந்த ஸ்கிரிப்டுக்கு உரிமை இருக்கிறது, எதைத் தொடவே கூடாது என்று முடிவு செய்யாமல் அதை ஓட்டினால், ஒரு மாதத்தில் கையால் செய்யும் தவறை ஒரு நொடியில் செய்துவிடும். இந்தத் தொழிலில் பதினெட்டு வருடமாக இருக்கிறேன். நான் சரிசெய்யப் போன கோப்புகளில் பெரும்பாலானவை கெட்டது இப்படித்தான்.

முதல் வேலையாக உங்கள் டேபிளைத் திறந்து, ஒவ்வொரு நெடுவரிசைக்கும் அதன் மதிப்பு எங்கிருந்து வருகிறது என்று எழுதுங்கள். சில மதிப்புகள் வரைபடத்திலிருந்தே பிறக்கின்றன: கணக்கிட்ட பரப்பு, சுற்றளவு, கடைசியாகத் திருத்திய நாள், திருத்தியவர். சில மதிப்புகள் வருவாய்த் துறைப் பதிவேட்டிலிருந்து வருகின்றன: பட்டா எண், பதிவேட்டுப் பரப்பு, நஞ்சையா புஞ்சையா, பெயர். இன்னும் சில உங்கள் அலுவலகத்தில் மனிதர்கள் முடிவு செய்து எழுதியவை: கள ஆய்வுக் குறிப்பு, ஆட்சேபணை வந்ததா, அளந்து காட்டியாயிற்றா. முதல் வகையைக் கண்ணை மூடிக்கொண்டு தானியங்கியிடம் விடலாம். இரண்டாவதை ஒப்பிட்டுப் பார்த்த பிறகு விடலாம். மூன்றாவது வகையில் ஸ்கிரிப்ட் கை வைக்கவே கூடாது.

வரைபடத்திலிருந்து வருபவற்றுக்கு ஸ்கிரிப்ட் கூடத் தேவையில்லை. லேயர் (வரைபட அடுக்கு) பண்புகளில் அட்ரிபியூட் ஃபார்ம் பகுதிக்குப் போய், அந்த நெடுவரிசைக்கு இயல்பு மதிப்பாகப் பரப்புச் சூத்திரத்தைக் கொடுத்து, கீழே உள்ள 'திருத்தும்போதும் பயன்படுத்து' என்ற பெட்டியைத் தேர்வு செய்தால் போதும். எல்லையை ஒரு புள்ளி நகர்த்தினாலும் பரப்பு தானாக மாறும். திருத்திய நாளையும் பயனர் பெயரையும் இதே வழியில் நிரப்பலாம். ஒரு எச்சரிக்கை: இது க்யூஜிஐஎஸ்-இன் எடிட் முறை வழியாகத் திருத்தும்போதுதான் வேலை செய்யும். பைத்தான் வழியாக நேரடியாகத் தரவுக் கோப்பில் எழுதினாலோ, வேறு மென்பொருளில் திறந்து திருத்தினாலோ இந்த விதி விழித்துக்கொள்ளாது. விர்ச்சுவல் ஃபீல்டு என்று ஒன்று உண்டு, அது எப்போதும் புதிய கணக்கைக் காட்டும். ஆனால் அது திட்டக் கோப்பில்தான் இருக்கும், தரவில் இருக்காது. லேயரை மட்டும் இன்னொருவருக்கு அனுப்பினால் அந்த நெடுவரிசை போகாது.

பரப்பைக் கணக்கிடும் இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். செயற்கைக்கோள் படத்தின் மேல் வரைபவர்கள் பலர் லேயரை வெப் மெர்கேட்டர் என்ற இணைய வரைபட ஆள்கூற்று அமைப்பிலேயே வைத்துவிடுகிறார்கள். திருச்சி அட்சரேகையில் அந்த அமைப்பில் சமதளப் பரப்பு எடுத்தால் உண்மையைவிடச் சுமார் 4 சதவீதம் கூடுதலாக வரும். ஒரு ஏக்கர் நிலம் 104 சென்ட் என்று காட்டும். சென்னைப் பக்கம் போனால் 6 சதவீதத்தைத் தொடும். உலகை மண்டலங்களாகப் பிரித்து மீட்டரில் அளக்கும் யூடிஎம் அமைப்புக்கு மாற்றிக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டுக்குள் 78 பாகை தீர்க்கரேகை ஓடுகிறது. அதற்குக் கிழக்கே சென்னை, திருச்சி, தஞ்சை எல்லாம் 44-ஆம் மண்டலம், மேற்கே கோவை, நெல்லை எல்லாம் 43. மதுரை மாவட்டத்தை அந்தக் கோடு குறுக்காகவே கடக்கிறது, ஆகவே உங்கள் கிராமம் எந்தப் பக்கம் என்று பார்த்துவிடுங்கள். மண்டல விளிம்பில்கூட யூடிஎம்மில் வரும் பிழை 0.2 சதவீதத்துக்குள்தான், ஏக்கருக்கு ஏழெட்டுச் சதுர மீட்டர். பூமியின் வளைவையும் கணக்கில் எடுத்து நீள்வட்டப் பரப்பைக் கொடுக்கும் சூத்திரத்தைப் பயன்படுத்தினால் அதுவும் இல்லை.

அடுத்தது, இந்தக் கணக்கிட்ட பரப்பைப் பதிவேட்டுப் பரப்பின் மேல் எழுதவே கூடாது. இரண்டுக்கும் தனித்தனி நெடுவரிசை வையுங்கள். பதிவேட்டில் இருக்கும் பரப்பு, களத்தில் மூலைவிட்டமும் செங்குத்தும் அளந்து, அந்த அளவுகளிலிருந்து கணக்கிட்டது. நாம் கணினியில் வைத்திருக்கும் பாலிகன், அந்தப் புலப்படத்தைத் தரையோடு பொருத்த நீட்டியும் சுருக்கியும் வந்தது. இரண்டும் ஒன்றாக இருக்காது. எது செல்லும் என்பதை 1923-ஆம் வருடத்து நில அளவை மற்றும் எல்லைகள் சட்டத்தின் கீழ் அதிகாரம் உள்ளவர்தான் சொல்ல முடியும், நம் லேயருக்கு அந்தத் தகுதி கிடையாது.

சரி, இனி எக்செல் பக்கம் வருவோம். பதிவேட்டையும் பாலிகனையும் பொருத்த ஒரு திறவுகோல், அதாவது இரண்டிலும் ஒன்றாக இருக்கும் அடையாளம், வேண்டும். கிராமப் பெயரை அதற்கு வைக்காதீர்கள். ஒரே மாவட்டத்தில் எத்தனை புதுப்பட்டி, எத்தனை புதூர் என்று உங்களுக்கே தெரியும். கோவில்பட்டியா கோயில்பட்டியா என்ற குழப்பம் வேறு. மாவட்டக் குறியீடு, வட்டக் குறியீடு, கிராமக் குறியீடு, புல எண், உட்பிரிவு எண் ஐந்தையும் தனித்தனி நெடுவரிசைகளாக எழுத்து வடிவில் வைத்து, அவற்றை ஒட்டி ஒரு ஆறாவது நெடுவரிசை செய்யுங்கள். குறியீடுகளும் நிரந்தரம் அல்ல. 2019-இல் தென்காசி, கள்ளக்குறிச்சி, ராணிப்பேட்டை, திருப்பத்தூர், செங்கல்பட்டு என்று ஐந்து மாவட்டங்கள் வந்தன, அடுத்த வருடம் மயிலாடுதுறை வந்தது. பழைய கோப்பில் விழுப்புரம் என்று இருக்கும் கிராமம் புதிய கோப்பில் கள்ளக்குறிச்சி என்று வரும். பழைய குறியீட்டை அழிக்காமல் பக்கத்தில் ஒரு நெடுவரிசையில் விட்டு வைத்தால் பிற்பாடு தலைவலி இல்லை. உங்கள் கோப்பில் 14 இலக்க நிலத்துண்டு அடையாள எண், அதாவது பூ ஆதார் இருந்தால் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நிலம் பிரிந்தால் அந்த எண்ணும் புதிதாகும் என்பதால் அதை மட்டுமே நம்ப வேண்டாம்.

எக்செல் இந்தத் திறவுகோலை எப்படிக் கெடுக்கும் என்பதைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். 12/3 என்று ஒரு செல்லில் தட்டினால் அதை மார்ச் 12 என்று தேதியாக்கிவிடும். 12/3ஏ என்று தட்டினால் அப்படியே விடும். ஆகவே ஒரே நெடுவரிசையில் சில வரிகள் மட்டும் தேதியாக மாறி, மற்றவை ஒழுங்காக இருக்கும். மேலோட்டமாகப் பார்த்தால் தெரியாது. உட்பிரிவு எண்ணில் ஆங்கில எழுத்து 'இ' வரும் இடம் இன்னும் மோசம். 2இ3 என்ற உட்பிரிவை எக்செல் பத்தின் அடுக்காக எடுத்துக்கொண்டு 2000 ஆக்கிவிடும். கிராமக் குறியீடு 007 வெறும் 7 ஆகிவிடும். தட்டுவதற்கு முன்னாலேயே அந்த நெடுவரிசைகளை எழுத்து வடிவத்துக்கு மாற்றி வைத்துத் தரச் சொல்லுங்கள். கோப்பை க்யூஜிஐஎஸ்-இல் ஏற்றும்போதும் வகையைத் தானாகக் கண்டுபிடிக்கும் வசதியை அணைத்துவிட்டு, எல்லாவற்றையும் எழுத்தாகவே ஏற்றுங்கள். எண்ணாக மாற்றும் வேலையை அப்புறம் நீங்களே செய்துகொள்ளலாம்.

தமிழ்ப் பெயர்களை ஒப்பிடும்போது இன்னொன்று கவனிக்க வேண்டும். 'கொ' என்ற எழுத்தை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம்: ககரத்தோடு ஒரே குறியாக ஒகரக் குறியைச் சேர்க்கலாம், அல்லது கொம்பையும் காலையும் தனித்தனியாகச் சேர்க்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுதான். கணினிக்கு இரண்டும் வேறு. கொளஞ்சி என்ற பெயர் இரண்டு கோப்பிலும் கண்ணுக்கு ஒன்றாக இருந்தும் 'பெயர் மாறியிருக்கிறது' என்று பட்டியலில் வந்து நின்றால் இதுதான் காரணம். பைத்தானில் யூனிகோடை ஒருமைப்படுத்தும் ஒரு வரி உண்டு, ஒப்பிடுவதற்கு முன் இரண்டு பக்கத்தையும் அதன் வழியாக அனுப்புங்கள். முன்னும் பின்னும் ஒட்டியிருக்கும் வெற்று இடங்களையும் அப்போதே கழித்துவிடுங்கள்.

பரப்பு எழுதும் முறையில் எனக்கு நேர்ந்த ஒன்றைச் சொல்கிறேன். பட்டாவில் பரப்பு ஹெக்டேர் - ஏர் என்ற முறையில் இருக்கும். 0 - 40.50 என்றால் நாற்பதரை ஏர், 4050 சதுர மீட்டர், ஏறத்தாழ ஒரு ஏக்கர். பல வருடங்களுக்கு முன் ஒரு கால்வாய் வேலைக்காக நான் எழுதிய ஸ்கிரிப்ட், நடுவில் உள்ள கோட்டைப் புள்ளியாக்கி, பின்னால் இருந்த புள்ளியை எடுத்துவிட்டு 0.4050 என்று ஹெக்டேருக்கு மாற்றியது. சோதித்துப் பார்த்த வரிகளிலெல்லாம் சரியாக வந்தது. ஆனால் 0 - 5.50 என்று இருந்த இடத்தில் 0.550 ஆகிவிட்டது, சரியான விடை 0.0550. பத்து ஏருக்குக் கீழே, அதாவது 25 சென்ட்டுக்குக் குறைவாக வைத்திருந்த ஒவ்வொருவருக்கும் பரப்பு பத்து மடங்கானது. பெரிய நிலம் வைத்திருந்தவர்கள் ஒருவரையும் அது தொடவில்லை. வரைவுப் பட்டியலைக் கிராமத்தில் படித்தபோது ஒரு பாட்டி, "எனக்கு ஏது தம்பி ஒண்ணே கால் ஏக்கருக்கு மேல? மொத்தமே பதிமூணரை சென்ட்டுதான்" என்று சொன்ன பிறகுதான் தெரிந்தது. அவர் எழுந்து சொல்லாமல் இருந்திருந்தால் அந்தப் பட்டியல் அப்படியே மேலே போயிருக்கும். முதல் எண்ணோடு இரண்டாவது எண்ணை நூறால் வகுத்துக் கூட்ட வேண்டும், செய்ய வேண்டியது அவ்வளவுதான். எழுத்துகளை வெட்டி ஒட்டிப் பரப்பை மாற்றாதீர்கள்.

அந்த நாளிலிருந்து எந்தக் கோப்பு வந்தாலும் முதலில் ஒரு விகிதம் போட்டுப் பார்க்கிறேன்: பதிவேட்டுப் பரப்பை வரைபடப் பரப்பால் வகுப்பது. பெரும்பாலான வரிகள் 1-ஐ ஒட்டி இருக்கும். எங்காவது 10 என்று வந்தால் மேலே சொன்ன ஏர் குழப்பம். 2.47 என்று வந்தால் ஹெக்டேர் இருக்க வேண்டிய இடத்தில் யாரோ ஏக்கரை எழுதியிருக்கிறார்கள். எல்லா வரியும் ஒரே மாதிரி 0.96 என்றால் வெப் மெர்கேட்டரை மாற்ற மறந்துவிட்டீர்கள். வரைபடப் பரப்பு பூஜ்யம், புள்ளி, அதற்குப் பிறகு ஆறு பூஜ்யம் என்று வந்தால் லேயர் இன்னும் பாகை அலகில் இருக்கிறது. இரண்டு வரிகளில் ஒன்று 0.6, பக்கத்து நிலம் 1.5 என்று வந்தால் இரண்டு பாலிகன்களின் உட்பிரிவு எண் இடம் மாறியிருக்க வாய்ப்பு அதிகம். நான் 5 சதவீதத்துக்கு மேல் வேறுபடுவதைத் தனிப் பட்டியலாக எடுத்து, புலப்படத்தோடு வைத்துப் பார்க்கிறேன். இந்த 5 என்பது என் கைப்பழக்கம் மட்டுமே, விதி அல்ல. நத்தம் மாதிரிச் சிறு மனைகள் உள்ள இடத்தில் அதைத் தளர்த்த வேண்டியிருக்கும்.

இப்போது பொருத்துவது. பொருத்தியதும் மூன்று பட்டியல் வர வேண்டும்: இரண்டிலும் இருப்பவை, வரைபடத்தில் மட்டும் இருப்பவை, பதிவேட்டில் மட்டும் இருப்பவை. பலர் முதல் பட்டியலை மட்டும் எடுத்துக்கொண்டு மற்ற இரண்டையும் பார்ப்பதே இல்லை. உண்மையான மாற்றம் நடந்திருப்பது அந்த இரண்டில்தான். 45/2 என்ற நிலம் பாகப்பிரிவினையில் 45/2ஏ, 45/2பி என்று பிரிந்திருக்கும். உங்கள் வரைபடத்தில் பழைய 45/2 அநாதையாக நிற்கும், பதிவேட்டில் புதிய இரண்டும் பாலிகன் இல்லாமல் நிற்கும். இதை எந்த ஸ்கிரிப்டாலும் தீர்க்க முடியாது, ஏனென்றால் இங்கே மாறியிருப்பது விவரம் அல்ல, எல்லை. புதிய புலப்படத்தை வாங்கி, வரைந்து, பிறகுதான் விவரத்தை ஏற்ற வேண்டும். ஸ்கிரிப்ட் செய்யக்கூடியது, ஒரே புல எண்ணின் கீழ் ஒரு பக்கம் காணாமல் போனதும் மறுபக்கம் புதிதாக வந்ததும் சேர்ந்தே இருந்தால் 'இது உட்பிரிவாக இருக்கலாம்' என்று உங்களுக்குச் சுட்டிக்காட்டுவதுதான். முழுப் புலமும் கைமாறும் பதிவுகளில் உட்பிரிவு தேவையில்லை. பத்திரம் பதிவானதும் பட்டா தானாகவே மாறும் முறையும் இப்போது வந்துவிட்டது. அவை முதல் பட்டியலிலேயே ஒழுங்காக வந்து விழும்.

க்யூஜிஐஎஸ்-இன் சாதாரண ஜாயின் (இரண்டு டேபிள்களைத் திறவுகோல் வழியாக இணைப்பது), திறவுகோலுக்குப் பொருந்தும் ஒரே ஒரு வரியை மட்டும் எடுத்துக்கொள்ளும், மற்றவை இருந்ததாகச் சொல்லவும் செய்யாது. கூட்டுப் பட்டாவில் அண்ணன் தம்பி மூவர் மூன்று வரியாக இருந்தால் அவர்களில் ஒருவர் பெயர் மட்டும் வரைபடத்தில் ஏறும், மற்ற இருவரும் மறைந்துவிடுவார்கள். நில எடுப்பு வேலையில் இது எவ்வளவு பெரிய தவறு என்று நான் சொல்லத் தேவையில்லை. உரிமையாளர்களுக்குத் தனி டேபிள் வைத்து, ஒன்றுக்குப் பல என்ற உறவாக இணையுங்கள். இதற்கு எதிர்ப்பக்கமும் ஒன்று உண்டு: வாய்க்காலோ பாதையோ குறுக்கே போனதால் ஒரே உட்பிரிவை இரண்டு பாலிகனாக வரைந்திருப்பீர்கள். ஜாயின் செய்தால் முழுப் பரப்பும் இரண்டிலும் எழுதப்பட்டு, கூட்டுத்தொகை இரட்டிப்பாகும். அவற்றை முதலிலேயே ஒரே பல்பகுதி பாலிகனாகச் சேர்த்துவிடுங்கள்.

எழுதும் கட்டத்தில் நான் கடைப்பிடிப்பது இது. வந்த எக்செல்லை அப்படியே ஒரு தற்காலிக டேபிளில் ஏற்றுவேன். பழைய மதிப்பு, புதிய மதிப்பு இரண்டும் பக்கம் பக்கமாக இருக்கும் மாற்றப் பட்டியலை எடுத்து ஒரு மனிதர் படிப்பார். மாதத்துக்கு ஐயாயிரத்தில் நாற்பது ஐம்பது மாறினால் அது இயல்பு, மூவாயிரம் மாறியிருந்தால் கோப்பில் ஏதோ கோளாறு. எக்செல்லில் ஒரு நெடுவரிசையை மட்டும் வரிசைப்படுத்திவிட்டால் இப்படித்தான் ஆகும். படித்து முடித்த பிறகே எழுத வேண்டும். எழுதும்போது பழைய மதிப்பை நாளோடும் கோப்பின் பெயரோடும் வரலாற்று டேபிளுக்கு நகர்த்துங்கள். எக்செல்லில் காலியாக இருக்கும் செல், ஏற்கெனவே உள்ள மதிப்பை அழிக்கக் கூடாது. காலி என்றால் அந்த மாதம் யாரும் நிரப்பவில்லை என்றுதான் பொருள், நிலத்துக்குப் பட்டா இல்லை என்று பொருள் அல்ல.

கருவியைப் பொறுத்தவரை, ஒருவர் மட்டும் வேலை செய்யும் இடத்தில் க்யூஜிஐஎஸ்-இல் படிகளைப் படமாகக் கோத்து வைக்கும் கிராஃபிக்கல் மாடலரே போதும். மேலே சொன்ன சரிபார்ப்புகளை ஒரு மாடலாகக் கட்டி வைத்துவிட்டு மாதம் ஒருமுறை அழுத்தலாம். 3.14 பதிப்பிலிருந்து அதைக் கட்டளை வரியிலும் ஓட்டலாம். மூன்று நான்கு பேர் ஒரே லேயரைத் திருத்துகிறீர்கள் என்றால் போஸ்ட்ஜிஐஎஸ் தரவுத்தளத்துக்குப் போய்விடுங்கள். அங்கே டிரிக்கர் (தரவு மாறும்போது தானாக ஓடும் விதி) எழுதினால் யார் எந்த மென்பொருளில் திருத்தினாலும் விதி ஓடும், வரலாறும் தானாகச் சேரும், பாதியில் பிழை வந்தால் மொத்தமும் பழையபடி திரும்பும். ஆர்க்ஜிஐஎஸ் வைத்திருப்பவர்களுக்கு ஆட்ரிபியூட் ரூல்ஸ் என்ற வசதி இதையே செய்கிறது, ஆனால் லேயர் ஜியோடேட்டாபேஸில் இருக்க வேண்டும்.

எதைத் தேர்ந்தாலும் ஷேப்ஃபைல் என்ற கோப்பு வடிவத்தை மட்டும் தவிர்த்துவிடுங்கள். அதில் நெடுவரிசைப் பெயருக்குப் பத்து இடம் (பைட்) மட்டும்தான். யூனிகோடில் ஒரு தமிழ்க் குறி மூன்று இடம் எடுக்கும் என்பதால் தமிழில் தலைப்பு வைத்தால் மூன்று குறியோடு அறுந்துவிடும். சுப்பிரமணியன் என்ற பெயர் மட்டுமே 39 இடம். ஐம்பது இடம் ஒதுக்கிய நெடுவரிசையில் தந்தை பெயரைச் சேர்த்தால் பாதியில் வெட்டுப்படும். ஜியோபேக்கேஜ் என்ற கோப்பு வடிவத்துக்கு மாற்றிக்கொண்டால் இந்தத் தொல்லை இல்லை.

இவற்றில் திறவுகோல், அலகு, ஜாயின், ஷேப்ஃபைல் பற்றிச் சொன்னவை எந்தக் கிராமத்துக்கும் பொருந்தும். விகித வரம்பும் மாதாந்திர மாற்றங்களின் எண்ணிக்கையும் நான் வேலை செய்த ஊர்களின் அனுபவம், அவற்றை உங்கள் தரவோடு ஒட்டிப் பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள். உங்கள் மூன்று கிராமங்களில் ஏதாவது ஒன்று நகராட்சிக்குள் வந்தால் திறவுகோலே வேறு. அங்கே வார்டு, பிளாக், டவுன் சர்வே எண். பதிவேட்டிலேயே பிழை இருக்கும் இடங்களை, குறிப்பாக யுடிஆர் என்ற நிலப் பதிவேட்டுப் புதுப்பிப்புக் காலத்தில் பெயரோ பரப்போ மாறிப்போனவற்றை, நம் பக்கத்தில் திருத்தி எழுத நமக்கு அதிகாரம் இல்லை. ஒரு குறிப்பு நெடுவரிசையில் 'பதிவேட்டோடு முரண்' என்று எழுதி, உரியவர் மனு கொடுக்க வழி சொல்வதுதான் நம்மால் முடிந்தது.

முதலில் மூன்றில் சிறிய கிராமத்தை எடுத்து, உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஐம்பது உட்பிரிவுகளில் மட்டும் ஓட்டிப் பாருங்கள். அந்த ஐம்பதில் பத்து ஏருக்குக் குறைவானவை, கூட்டுப் பட்டா, ஆங்கில 'இ' வரும் உட்பிரிவு, சமீபத்தில் பிரிந்தது, இவை ஒவ்வொன்றிலும் குறைந்தது இரண்டு இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். பொருந்தாத பட்டியல் நீளமாக வந்தால், பெயர் நெடுவரிசையை எடுத்துவிட்டு முதல் இருபது வரியை இங்கே போடுங்கள், சேர்ந்து பார்க்கலாம்.